சந்தியோகுவின் இடத்தில் நான் நின்றேன்

1

இன்று காலை வேலைக்குப் புறப்படும் நேரத்தில் என் கைபேசி, யாரும் கேட்காமலே, ஒரு படத்தை எடுத்து முன்னால் நீட்டியது. 'மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில்' என்று தலைப்பும் அதுவே போட்டுக்கொண்டது. மன்னார் வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நான் நிற்கிறேன். என் கையில் வெள்ளை உடுப்பில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் என் தங்கச்சி மெற்றில்டாவின் மகள் ரீனா. படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், ரீனாவைத் தவிர.

நோர்வேக்கு வந்து முப்பத்தோரு வருடமாகிறது. மன்னார்த் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, மீன் வெட்டாமல் இருப்பதற்காகவே படித்தவன் நான். இங்கே வந்து வடக்கில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் மீன் மட்டுமே வெட்டினேன். இப்போது தெற்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. ஊர்ச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதுங்கோ என்று கேட்ட தம்பிமார், பனியைப் பற்றியும் சூரியன் மறையாத கோடையைப் பற்றியும் எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அதில் பெரும்பங்கு என்மேல்தான்.

2

சந்தியோகுவை உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருப் பொடியன்தான். சண்டைக் காலத்தில் தாயோடு வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வளர்ந்தவன். முகாமிலிருந்தபடியே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பாடினான். அவர்கள் அவனுக்குச் 'சந்துரு' என்று பெயர் வைத்தார்கள். சந்தியோகு என்றால் தமிழ்நாட்டுக்காரருக்கு வாயில் நுழையாதாம். அதற்குப் பிறகு சினிமா, விமானம், மேடை.

ஆனால் எங்கள் ஆட்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்தது சினிமாப் பாட்டுக்காக அல்ல. அவன் பாடிய மாதா பாட்டுக்காக. அந்தப் பாட்டு ஒலிக்காத கொடியேற்றமில்லை, கல்யாணமில்லை, செத்தவீடில்லை. போர் முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது, கூரையில்லாத கோயிலில் முதலில் கட்டியது ஒலிபெருக்கி, முதலில் போட்டது அந்தப் பாட்டு என்று தங்கச்சி சொன்னாள். அவன் நோர்வேக்குப் பாட வந்தபோது எங்கள் கரையோர மக்கள் ஒன்றியத்தின் தலைவர் மரியதாஸ் அண்ணை, பனிக்குள் தொப்பியில்லாமல் நின்று அவனோடு படமெடுத்தார். காதிரண்டும் சிவந்துபோன அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஒன்றிய மண்டபத்தில் மாட்டினார். 'எங்கட மண்ணின்ர விசுவாசம் பாடுது' என்று மேடையில் அழுதும் காட்டினார்.

மெற்றில்டாவின் குடும்பமும் மண்டபம் முகாமில்தான் இருந்தது. சந்தியோகுவின் கொட்டில் அவர்களுடையதற்கு அடுத்தது. ரீனாவுக்குப் பதினாறு வயதானபோது அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முகாமுக்கு வெளியே போவதற்கே கையெழுத்து வேண்டும். பிரேதத்தை எடுக்க ஒரு கையெழுத்து, முகாமுக்குள் கொண்டுவர ஒரு கையெழுத்து, அடக்க இன்னொன்று. தங்கச்சி எழும்ப முடியாமல் கிடந்தாள். நான் இங்கே வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து, முடிவு வராமல், விமானம் ஏற முடியாதவனாக இருந்தேன். மூன்று நாள் கந்தோர் கந்தோராக நின்று பிரேதத்தை எடுத்து வந்தவன் சந்தியோகு. அப்போது அவனுக்கு இருபது வயதிருக்கும். ஒரு பாட்டும் பாடியிருக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ரீனா, நிக்சன் என்ற கடற்தொழிலாளியைக் கட்டினாள். ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக யார் நிற்பது என்ற கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. எங்கள் கரையில் ஞானத்தகப்பன் என்றால் மெழுகுதிரி பிடித்து, கேக் வெட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராவிட்டால் அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டியவன். அதனால்தான் இந்தக் காரியத்தில் கரைச்சனம் கண்ணை மூடிக்கொண்டு ஆள் பார்ப்பதில்லை. ரீனாவும் கண்ணைத் திறந்துதான் பார்த்தாள்.

சந்தியோகு வருவதாகச் சொன்னான். ஊர் முழுக்கப் பெருமை. மெற்றில்டா நாளுக்கு நாலு தரம் எனக்குப் போன் எடுத்து, 'சந்துரு வாறான் அண்ணை, சந்துரு வாறான்' என்றாள்.

3

ஞானஸ்நானத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது ஓர் இணையத் தொலைக்காட்சியில் அவனுடைய பேட்டி வந்தது. பேட்டி எடுத்த பெண் உருகிக்கொண்டே கேட்டாள், மாதா பாட்டைப் பாடும்போது மாதா உங்கள் கண்முன்னால் தோன்றுவாரா என்று.

"இல்லை அக்கா. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பாடேக்க எங்கட முகாமில குடத்தோட தண்ணிக்கு நிண்ட அம்மாக்களைத்தான் நினைப்பன்," என்றான்.

நான் முழுப் பேட்டியையும் பார்த்தேன். நல்ல பதில். ஆனால் ஊரூராகச் சுற்றியது முழுப் பேட்டி அல்ல. 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்ற இடத்தோடு நறுக்கிய துண்டுதான். குடத்தோடு நின்ற அம்மாக்களைக் கத்தரித்தவன் யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் அவனுக்கு வேலை தெரியும்.

இரண்டு நாளில் ஒன்றியம் இணையவழியில் அவசரக் கூட்டம் கூட்டியது. முப்பது சதுரங்களில் முப்பது முகங்கள். சிலர் குசினி அடுப்படியில், ஒருவர் காருக்குள். மரியதாஸ் அண்ணை கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். "எங்களை ஏமாத்திப்போட்டான். மாதாவையும் ஏமாத்திப்போட்டான்," என்று தொடங்கினார். ஒன்றிய மண்டபத்திலிருந்த படம் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. ஆணி வீணாகப் போகக்கூடாதென்று அதில் மணிக்கூடு மாட்டியிருந்தார்கள்.

கூட்டத்தின் உச்சம் வேறொருவர் கேட்ட கேள்வி. "இவர் பாட்டுப் பாடேக்கையே நம்பிக்கையில்லாமல் பாடினவரோ, இல்லாட்டி பாடினாப் பிறகு விட்டவரோ? பிறகு விட்டிருந்தா எங்களிட்ட இருக்கிற பாட்டு நல்ல பாட்டுத்தானே?" இதை யாரும் பகிடியாக எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் வாதாடினார்கள். சந்தியோகுவின் விசுவாசம் எந்த வருடம் காலாவதியானது என்று, ரின்மீனின் அடியில் திகதி தேடுகிறவர்களைப் போலத் தேடினார்கள். முடிவு கிடைக்காமல், பாதுகாப்புக்காகப் பாட்டை நிறுத்துவது என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரவானவர்கள் கையுயர்த்தச் சொன்னார்கள். கமெராவை அணைத்துவிட்டு இணையம் சரியில்லை என்று தப்பியிருக்கலாம். அதைக்கூட நான் செய்யவில்லை. கையை உயர்த்தினேன்.

ஊரில் இன்னும் சிறப்பு. பாட்டை விட அவர்களுக்கு மனமில்லை, பாடினவனைத்தான் விட வேண்டும். ஆகவே குரலில்லாத இசைத்தட்டை எங்கோ தேடிப்பிடித்து, அதற்கு மேல் கோயில் பாடகர் குழுவைப் பாட வைத்தார்கள். எல்லோருக்கும் திருப்தி. பின்னணியில் ஆமென் போடுகிற நாலு ஆண்குரலும் சந்தியோகுவுடையதுதான், நாலு தரம் தனித்தனியாகப் பாடிச் சேர்த்தது என்று ஒலிபெருக்கிக்காரர் ரீனாவிடம் இரகசியமாகச் சொன்னாராம். அவர் வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை, பிழைப்பைப் பார்க்க வேண்டுமே.

புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு மன்னாருக்குத் திரும்பிய காதர் நானாவின் கடையில் மட்டும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. ஏன் இன்னும் போடுகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "நாங்க அந்தப் பாட்ட நம்பியா கேட்டது? நல்லாயிருந்திச்சு, கேட்டம். இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றாராம்.

4

இங்கே என்னோடு வேலை செய்யும் ஆர்னே, தேவாலயத்தின் உறுப்பினர் பதிவிலிருந்து விலகிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில், பாணுக்கு மேல் சீஸ் வைத்தபடி, கைபேசியில் ஒரு படிவத்தை நிரப்பினார். இரண்டு நிமிடம். "முடிந்தது," என்றார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் கடுகுச் சோஸை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள். சந்தியோகு இந்த நாட்டில் பிறந்திருக்கலாமே என்று அந்தக் கிழமை நினைத்தேன்.

அந்த நினைப்பையும் ஆர்னேயே கெடுத்தார். சமையலறை வானொலியில் ஒரு பாடகியின் பாட்டு வந்ததும் மாவுக் கையோடு ஓடிப்போய் அணைத்தார். அந்தப் பாடகி, ஓநாய்களைச் சுடக்கூடாது என்று எங்கோ சொல்லிவிட்டாளாம். ஆர்னேயின் தகப்பனிடம் செம்மறிகள் இருக்கின்றன. "குரல் நல்லதுதான். ஆனால் ஓநாய்க்காரி," என்றார். அப்படியே மரியதாஸ் அண்ணையின் முகம்.

வீட்டில் மகள் மெலனியிடம் சந்தியோகுவின் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் நோர்வேஜியனில்தான் வரும். "ஒரு பாட்டுக்காரன் எதை நம்பினால் உங்களுக்கென்ன அப்பா? காட்டுமிராண்டித்தனம்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுடைய அறைச் சுவரைப் பார்த்தேன். பத்து வயதிலிருந்து அங்கே ஒட்டியிருந்த நடிகையின் படத்தைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். அந்த நடிகை மிருகத்தோல் உடுப்பைப் பற்றி ஏதோ கூடாத கருத்துச் சொல்லிவிட்டாளாம். இனி அவளுடைய படமொன்றும் பார்ப்பதில்லையாம். "அது வேறு அப்பா," என்றாள்.

எல்லோருக்கும் அது வேறுதான். நமக்குப் பிடித்தவர்கள் நம்மைப் போலவே நினைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் நம்மிடம் எதையோ திருடியவர்கள். அவர்களுடைய பாட்டில் நாம் அழுத அழுகைக்கு அவர்களே கணக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் நம்மிடம் அழச்சொல்லிக் கேட்கவேயில்லை.

5

ரீனா போன் எடுத்தாள். மெற்றில்டா சாப்பிடாமல் கிடக்கிறாளாம். நிக்சனின் தாய், நம்பிக்கையில்லாதவன் தொட்டால் பிள்ளைக்குக் கூடாது, அவன் வந்தால் நாங்கள் கோயிலுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டாவாம்.

"மாமா, நீங்கள் ஒரு சொல் சொன்னா அம்மா கேப்பா. வெளிநாட்டில இருந்து நீங்கள் சொல்லுறதுக்கு இஞ்ச எல்லாரும் அடங்குவினம். சந்தியோகு அண்ணாவே நிக்கட்டும் எண்டு சொல்லுங்கோ."

"கோயில் சட்டம் இருக்குத்தானே பிள்ளை. நம்பிக்கையில்லாத ஆளைச் சாமியார் ஏற்பாரோ?"

"சாமியாரிட்ட நான் கேட்டனான். ஊர் ஒத்துவந்தா அவரைச் சாட்சியா எண்டாலும் நிக்க விடுறன் எண்டவர். ஊர்தான் சிக்கல். மாமா, இவர் கடலுக்குப் போறவர். நாளைக்கு ஒண்டு நடந்தா என்ர பிள்ளைக்கு ஆர் ஓடிவருவினம் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கேக்கிறன்."

"பாப்பம் பிள்ளை," என்றேன். நான் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா உங்களைத்தான் நிக்கச் சொல்லிக் கேக்கப்போறா," என்றாள். "மாமா, நீங்களும் நம்பாத ஆள்தானே. அப்பா செத்தநேரம் செபிக்கச் சொல்லி அழுதனான். எனக்கு அதெல்லாம் விட்டுப்போச்சு பிள்ளை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். என் விசுவாசம் எப்போது போனதென்று எனக்கே தெரியாது. குடை தொலைவதைப் போல, மழை வந்த அன்றுதான் கையில் இல்லையென்று தெரிந்தது. ஆனாலும் மாதமொருமுறை தமிழ்ப் பூசைக்குப் போவேன். நாலு ஊராரைப் பார்க்கலாம், பூசைக்குப் பிறகு கோப்பியும் றோல்ஸும் இருக்கும். எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழும்பும்போது நான் மட்டும் வாங்கில் குந்தியிருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நானும் போய் நாக்கை நீட்டுவேன்.

ரீனாவுக்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன். "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்ச விசயம் பிள்ளை. ஊருக்குத் தெரியாதே."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மெற்றில்டா அழுது கேட்டாள். நான் ஓம் என்றேன். ஊரிலிருந்து, நல்ல கத்தோலிக்கர் என்று இங்குள்ள கோயிலின் பங்குக் கந்தோரில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். போனேன். கந்தோர்ப் பெண் போலந்துக்காரி. என் நோர்வேஜியனும் அவளுடைய நோர்வேஜியனும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். பதற்றத்தில், ஞானத்தகப்பனாக வேண்டும் என்பதற்குப் பதிலாக, கடவுளுடைய தகப்பனாக வேண்டும் என்று கேட்டுவிட்டேன்; நோர்வேஜியனில் இரண்டுக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். அவள் கண்ணிமைக்கவில்லை. "அதற்கும் இதே படிவம்தான்," என்றாள். பெயர், பிறந்த திகதி, விலாசம். மூன்றையும் எழுதினேன். நாலாவது கேள்வி இருக்கவில்லை. முத்திரை குத்தித் தந்தாள். சந்தியோகு ஒரு வசனத்தில் இழந்ததை நான் மூன்று கட்டங்களை நிரப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

6

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு சந்தியோகு போன் எடுத்தான். அவன் என்மேல் கோபமாக இருப்பான் என்று எதிர்பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மாமா, நீங்கள் நிக்கிறியள் எண்டு ரீனா சொன்னவள். நல்லது மாமா."

"ஏன் தம்பி அந்த நேரம் அப்பிடிச் சொன்னனீர்? சிரிச்சு மழுப்பியிருக்கலாமே."

"கேட்டவ மாமா. நேர கேட்டவ. மாதா பாட்டைக் கேட்டு எத்தனை சனம் அழுதிருக்கும். அந்தச் சனத்தைப் பாத்துப் பொய் சொல்ல வாய் வரேல்லை. அம்மாவும் என்னோட கதைக்கிறேல்லை இப்ப. அதைவிடுங்கோ. பிள்ளைக்கு நம்பிக்கையுள்ள ஒராள் நிண்டாத்தான் நல்லது. ரீனாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். நான் சொல்லிப்போட்டன், மாமா பொருத்தமான ஆள் எண்டு."

'தம்பி, நானும் உன்னைப் போலத்தான்' என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். எனக்கு அது வரவில்லை. "சரி தம்பி, உமக்காகவும் செபிக்கிறன்," என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞானஸ்நானம் நடந்தது. எங்கள் கோயிலுக்குப் புதுக்கூரை, புது வர்ணம். வாசலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றை விரட்டிவிட்டு நிக்சனின் தாய் சால்வையோடு வந்து எனக்கு வணக்கம் சொன்னா. "நீங்கள் வந்தது மாதா செய்த புதுமை," என்றா.

சாமியார் இளம் ஆள். பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். விசுவசிக்கிறீர்களா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் விசுவசிக்கிறேன் என்றேன். மேடைப் பேச்சுப் பழக்கம் உள்ளவன் நான், என் குரல் கடைசி வாங்கு வரை கேட்டிருக்கும். பின்னால் யாரோ, 'வெளிநாட்டில இருந்தும் எவ்வளவு பக்தி பாருங்கோ' என்றார்கள். ரீனா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு பதிவேட்டில் என் பெயரை எழுதினார்கள், கையெழுத்து வைத்தேன், வெளியே வந்து படம் எடுத்தோம்.

அந்தப் படம்தான் இன்று காலை வந்தது.

7

போன மாதம் ஒரு காரியம் நடந்தது. நிக்சனின் படகில் இயந்திரம் பழுதாகி, காற்று அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள், இராமேஸ்வரத்துப் பக்கம் கரையொதுங்கிப் பிடிபட்டு, வழக்குப் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. விடுவிக்க ஒன்பது நாள் ஆனது.

எனக்கு இது எப்படித் தெரியும்? ஒன்றியத்தின் கைபேசிக் குழுவில் மரியதாஸ் அண்ணை, 'எங்கள் ஊர் மீனவச் சகோதரனுக்காகச் செபிப்போம்' என்று ஒரு மெழுகுதிரிப் படத்தோடு போட்டிருந்தார். அதைப் பார்த்தபோது ஆறாவது நாள். அதற்குள் சந்தியோகு சென்னையிலிருந்து இராமநாதபுரம் போய், வழக்கறிஞரைப் பிடித்து, கந்தோர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். படகு வராத முதல் நாள் மத்தியானமே ரீனா அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் இரண்டு மேடைக் கச்சேரிகளை விட்டுவிட்டு வந்தானாம். விட்டதற்கான காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே ஊரில் இப்போது வேறு கதை ஓடுகிறது. நம்பிக்கை கெட்டதால் அவனுக்குக் கச்சேரிகள் குறைந்துவிட்டதாம், மாதா காட்டிவிட்டாவாம். நிக்சனின் தாயும் இதைச் சொல்கிறா. மகனை யார் வெளியே எடுத்தது என்று கேட்டால், அது மாதா செய்தது என்கிறா.

நிக்சன் வீடு வந்த பிறகு ரீனாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் பிள்ளை ஏதோ தட்டி விளையாடும் சத்தம் கேட்டது.

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவனுடைய கோபம்.

அவள் கோபிக்கவில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு ஏன் மாமா வீண் அலைச்சல்? நீங்கள் செபம் சொல்லுங்கோ. அதுவே காணும்."

"ஓம் பிள்ளை," என்றேன்.